பழைய லேப் ஸ்டீல் கிடார்: ஏலம் கேட்கும் முன்

சாலைப்புதூர் ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்தில் கொப்பரை ஏலத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். எந்த வியாபாரியும் மூட்டையின் வாயைப் பார்த்து விலை எழுதமாட்டார். கையை உள்ளே விட்டு அடியில் கிடக்கும் கொப்பரையை எடுப்பார், உடைப்பார், முகர்வார், காய்ச்சல் போதுமா, பூஞ்சணம் உண்டா என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் பேனாவை எடுப்பார்.

இணைய ஏலத்தில் அந்தக் கை நமக்குக் கிடையாது. கொடுமுடியில் உட்கார்ந்துகொண்டு, அமெரிக்காவிலோ ஜப்பானிலோ யாருடைய வீட்டிலோ எழுபது வருடம் கிடந்த ஒரு லேப் ஸ்டீல் கிடாருக்கு விலை கேட்கிறோம். நம்மிடம் இருப்பது ஏழெட்டுப் படங்களும் விற்பவர் எழுதிய நாலு வரியும் மட்டும். ஆகவே வேலை இரண்டு. ஒன்று, நம் கைக்குப் பதிலாக விற்பவரின் கையையே உள்ளே விட வைப்பது. இன்னொன்று, பொருள் நம் வீட்டு வாசலுக்கு வந்து சேரும்போது மொத்தம் எவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கணக்குப் போடுவது. இந்த இரண்டையும் முடித்தவருக்கு ஏலம் கேட்பது கடைசியில் வரும் சின்ன வேலைதான்.

முதலில் இந்த வாத்தியம் என்னவென்று பார்த்துவிடலாம். லேப் ஸ்டீல் என்பது மடியில் படுக்கவைத்து வாசிக்கும் கிடார். விரலால் தந்தியை அழுத்துவதில்லை. இடது கையில் ஓர் இரும்புக் கட்டையை வைத்துத் தந்தியின் மேல் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். வலது கை மீட்டும். நம்மூர்க் கோட்டுவாத்தியம் கேட்டவர்களுக்கு இது அந்நியமாக இருக்காது. திருவிடைமருதூர் சகாராம ராவ், பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரிகள், மன்னார்குடி சாவித்திரி அம்மாள், நாராயண ஐயங்கார், இன்றைய சித்ரவீணா ரவிகிரண் என்று ஒரு நீண்ட வரிசை, மெட்டு இல்லாத தண்டியில் கட்டையை வழுக்கியே ராகத்தின் கமகத்தை எல்லாம் கொண்டு வந்திருக்கிறது. கர்நாடக இசைக் காது உள்ளவருக்கு லேப் ஸ்டீல் பிடித்துப்போவதற்குக் காரணம் இதுதான். ஒரு சுரத்திலிருந்து இன்னொரு சுரத்துக்குப் படி ஏறாமல், இடைவெளி விடாமல், குரல் போலவே போய்ச் சேரலாம்.

ஹவாய்த் தீவுகளில் 1880களின் இறுதியில் ஜோசப் கெகுகு என்ற பள்ளி மாணவர் இந்த முறையைக் கண்டுபிடித்தார் என்பது பரவலாகச் சொல்லப்படும் வரலாறு. இந்தியாவில் பிறந்து கப்பலில் ஹவாய் போய்ச் சேர்ந்த கேப்ரியல் டேவியன் என்ற இளைஞர் அதற்குச் சற்று முன்பே தந்தியில் வழுக்கி வாசித்தார் என்ற குறிப்பும் இருக்கிறது. 1915இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த உலகக் கண்காட்சிக்குப் பிறகு அமெரிக்கா முழுவதும் ஹவாய் இசைப் பித்துப் பிடித்தது. கூட்டம் பெருகப் பெருகக் கிடாரின் சத்தம் போதவில்லை. அந்தத் தேவையில் பிறந்ததுதான் மின்சாரக் கிடார். வணிக ரீதியில் வெற்றி கண்ட முதல் எலெக்ட்ரிக் கிடாரே ஒரு லேப் ஸ்டீல்தான்: 1932இல் விற்பனைக்கு வந்த ரிக்கன்பேக்கர். வட்டமான சிறிய உடலும் நீண்ட கழுத்துமாக அலுமினியத்தில் வார்த்தது. வாணலி போல இருந்ததால் ‘ஃப்ரையிங் பேன்’ என்றே பெயர் நிலைத்துவிட்டது. அதை வடிவமைத்த ஜார்ஜ் பீச்சம்ப் அதற்கு வாங்கிய காப்புரிமை 1937இல்தான் கைக்கு வந்தது.

இந்தியாவில் இந்த வாத்தியத்தின் தலைநகரம் கல்கத்தா. ஹவாய்க் கலைஞர் டாவ் மோ 1940களில் அங்கே தங்கி வாசித்தார், கற்றுக்கொடுத்தார். கார்னி நிஸ் தன் அலோஹா பாய்ஸ் குழுவோடு அந்த ஊரில் புகழ் பெற்றார். பிறகு காஜி அனிருத்தாவும் சுனில் கங்கூலியும் பாட்டுகளைக் கிடாரில் வாசித்து வெளியிட்ட இசைத்தட்டுகள் வீடு வீடாகப் போயின. பம்பாயில் வான் ஷிப்லி திரைப்பாடல்களை அப்படி வாசித்தார். பிரிஜ் பூஷண் காப்ரா ராக இசையையே இதில் கொண்டுவந்தார். 1967இல் சிவகுமார் சர்மா, ஹரிபிரசாத் சௌராஸ்யாவுடன் அவர் வாசித்த ‘கால் ஆஃப் த வேலி’ இன்றும் விற்கிறது. அடுத்து விஸ்வமோகன் பட். அமெரிக்கக் கலைஞர் ரை கூடருடன் அவர் வாசித்த ‘எ மீட்டிங் பை த ரிவர்’ 1994இல் கிராமி விருது பெற்றது. ரை கூடரின் பெயரை நினைவில் வையுங்கள். பழைய லேப் ஸ்டீல்களின் விலைக்கும் அவருக்கும் ஒரு தொடர்பு இருக்கிறது, கீழே வருகிறேன்.

ஏலத்துக்கு வருபவை எவை

1930களிலிருந்து 1950கள் வரை அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு இசை வகுப்பு நடத்திய நிறுவனங்கள் மாணவர்களுக்கென்று மலிவான லேப் ஸ்டீல்களை ஆயிரக்கணக்கில் விற்றன. ஓவாஹூ, சூப்ரோ, நேஷனல் என்ற பெயர்கள் அடிக்கடி கண்ணில் படும். பல மாடல்களுக்கு முத்துச்சிப்பி மினுமினுப்புள்ள பிளாஸ்டிக் உறை ஒட்டியிருக்கும். படிப்பைப் பாதியில் விட்ட பிள்ளைகளின் கிடார்கள் அட்டத்திலும் கட்டிலுக்கு அடியிலும் கிடந்து, தாத்தா பாட்டி காலமான பிறகு பேரப்பிள்ளைகள் வழியாக ஏலத்துக்கு வருகின்றன. முதல்முறை வாங்குபவர் பார்க்க வேண்டியது இந்தப் படியைத்தான்.

அதற்கு மேல் படியில் 1930களின் நடுவில் வந்த கிப்ஸன் இ.எச்.-150, இ.எச்.-100, ஃபெண்டரின் 1950களின் சாம்பியன், அதற்குப் பின் வந்த சாம்ப். இன்னும் மேலே ரிக்கன்பேக்கரின் பேக்கலைட் உடல் கொண்ட மாடல் பி, அலுமினிய ஃப்ரையிங் பேன், ஃபெண்டரின் பல கழுத்து ஸ்ட்ரிங்மாஸ்டர். மின்சாரம் இல்லாதவற்றில் ஹெர்மன் வைசன்பார்ன் லாஸ் ஏஞ்சலிஸில் கோவா மரத்தில் செய்த, கழுத்தும் பொள்ளலாக இருக்கும் கிடார்கள் தனி உயரத்தில் நிற்கின்றன. முதல் வாத்தியமாக இவற்றில் எதையும் வாங்காதீர்கள் என்பதே என் கருத்து. எது நல்ல ஒலி என்று காதுக்குப் பிடிபடும் முன்னால் பெயருக்குக் காசு கொடுக்கக் கூடாது.

ஜப்பானை மறக்க வேண்டாம். அங்கேயும் ஹவாய் இசைக்குப் பெரிய காலம் இருந்தது. குயாடோன், டெய்ஸ்கோ நிறுவனங்களின் பழைய லேப் ஸ்டீல்கள் யாஹூ ஜப்பான் ஏலத்தில் அமெரிக்கப் பெயர்களைவிட எளிய விலைக்குக் கிடைக்கும். நேரடியாகக் கேட்க முடியாது. நமக்காக ஏலம் எடுத்து அனுப்பும் இடைத்தரகு நிறுவனங்கள் உண்டு. அவர்களுடைய கட்டணத்தையும் ஜப்பான் உள்நாட்டு அனுப்புக் கூலியையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

விற்பவரின் கையை உள்ளே விட வைப்பது

லேப் ஸ்டீலில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. சாதாரணக் கிடார் பழசாகும்போது கழுத்து வளைந்துவிட்டால், மெட்டுகள் தேய்ந்துவிட்டால், செலவு கையைக் கடிக்கும். இங்கே தந்தி தண்டியைத் தொடுவதே இல்லை. மெட்டுகள் வெறும் அடையாளக் கோடுகள். லேசான வளைவோடு கூட நன்றாகவே பாடும். ஆகவே விற்பவர் ‘கழுத்து நேராக இருக்கிறது’ என்று எழுதியிருந்தால் மகிழ்ச்சி, அவ்வளவுதான். பார்க்க வேண்டிய இடம் வேறு.

முதலாவது பிக்கப். தந்தியின் அதிர்வை மின்சாரமாக மாற்றும் காந்தமும் கம்பிச் சுருளும் சேர்ந்த பாகம். லேப் ஸ்டீலின் உயிர் இதில் இருக்கிறது. சுருளில் உள்ள கம்பி பல மாடல்களில் தலைமுடி அளவுதான். ஆயிரக்கணக்கான சுற்றுகளில் ஓரிடத்தில் அறுந்தாலும் ஒலி போய்விடும். இரண்டு கேள்வி கேளுங்கள். ஆம்ப்ளிஃபையரில் போட்டு வாசித்து ஒரு நிமிட வீடியோ அனுப்புவீர்களா? மல்டிமீட்டர் வைத்துப் பிக்கப்பின் ரெசிஸ்டன்ஸ் எத்தனை கிலோ ஓம் என்று சொல்வீர்களா? வரும் எண்ணை அதே மாடலின் மற்ற கிடார்களோடு ஒப்பிட வேண்டும். மாடலுக்கு மாடல் அது நிறைய மாறும். மீட்டர் எதையும் காட்டவில்லை என்றால் கம்பி அறுந்திருக்கிறது. ‘சோதிக்கவில்லை, ஆம்ப் இல்லை’ என்று எழுதியிருந்தால், வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டே விலையை முடிவு செய்யுங்கள்.

இரண்டாவது, பிக்கப் அசலா என்பது. இங்கேதான் ரை கூடர் வருகிறார். தன் ஸ்ட்ராட்டோகாஸ்டர் கிடாரில் ஒரு பழைய சூப்ரோ வகை லேப் ஸ்டீல் பிக்கப்பைப் பொருத்தி அவர் வாசித்த ஒலி பலரை மயக்கியது. அதைப் பின்பற்றியவர்கள் பழைய லேப் ஸ்டீல்களை வாங்கிப் பிக்கப்பைக் கழற்றிக்கொண்டு உடலைத் தூக்கி வைத்தார்கள். கிப்ஸன் இ.எச்.-150இன் பிக்கப்புக்கும் ஜாஸ் கிடார்காரர்களிடையே இதே கதி. ஆகவே பிக்கப் மாற்றப்பட்ட உடல்களும், ஆறு கிடாரின் மிச்சத்தில் ஒன்றாகச் சேர்த்தவையும் சந்தையில் உலவுகின்றன. அதே மாடலின் பழைய விளம்பரப் படத்தையும் விற்பவரின் படத்தையும் பக்கத்தில் வைத்து, திருகாணி முதல் ஒப்பிட்டுப் பாருங்கள். காலியான திருகு ஓட்டை ஒன்று தெரிந்தால், அங்கே என்ன இருந்தது என்று கேளுங்கள். தந்தியை மூடும் உலோக மூடி, காந்தத் தகடு போன்றவை தனியாக வாங்கக் கிடைக்காத மாடல்கள் பல.

மூன்றாவது, பின்மூடியைத் திறந்து உள்ளே எடுத்த படம். இதைக் கேட்காமல் நான் யாரையும் ஏலம் கேட்கச் சொல்வதில்லை. வால்யூம், டோன் கண்ட்ரோல்களின் முதுகில் எண்கள் பொறித்திருக்கும். முதல் மூன்று இலக்கம் தயாரித்த நிறுவனம்: 304 என்றால் ஸ்டாக்போல், 137 என்றால் சி.டி.எஸ்., 134 என்றால் சென்ட்ராலாப். அடுத்த இலக்கங்கள் ஆண்டும் வாரமும். 304-5012 என்று இருந்தால் ஸ்டாக்போல் நிறுவனம் 1950ஆம் ஆண்டின் 12ஆவது வாரத்தில் செய்தது. கிடார் அந்தத் தேதிக்கு முந்தியதாக இருக்க முடியாது, பாகம் மாற்றப்படாத வரை. 1938 என்று சொல்லி விற்கும் கிடாருக்குள் 1956இன் கண்ட்ரோல் இருந்தால், ஒன்று விற்பவரின் தேதி தவறு, அல்லது யாரோ கை வைத்திருக்கிறார்கள். பழைய சால்டர் மங்கலாக இருக்கும், புதிது பளபளக்கும்; படத்தில் அதுவே தெரிந்துவிடும். கண்ட்ரோல் மாற்றியது பெரிய குற்றம் இல்லை. அதை மறைத்து அசல் விலை கேட்பதுதான் குற்றம்.

நான்காவது உடல். பேக்கலைட் கல்லைப்போல் கனக்கும், ஆனால் கண்ணாடியைப்போல் உடையும். கழுத்தும் உடலும் சேரும் இடத்தையும் தந்தி முறுக்கும் தலைப் பகுதியையும் நெருக்கத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். முடி போன்ற கோடு கூட வரும் வழியில் பிளவாகிவிடும். முத்துச்சிப்பி பிளாஸ்டிக் உறை சுருங்கி ஓரம் தூக்கியிருக்கிறதா பாருங்கள். தந்தி முறுக்கும் குமிழ்கள் பழைய பிளாஸ்டிக்கில் செய்தவை, தொட்டால் உதிரும் நிலையில் பலவற்றில் இருக்கும். அது மாற்றக் கூடியது, விலையில் கழித்துக்கொள்ளலாம். அலுமினிய ரிக்கன்பேக்கர் சூட்டில் சுருதி விலகும் என்பது அந்தக் காலத்திலேயே எழுந்த புகார். மேடை விளக்கின் சூட்டுக்கே அப்படி என்றால் சித்திரை வெயிலில் கொடுமுடியில் என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

இத்தனை கேள்விக்கும் பொறுமையாகப் பதில் சொல்லும் விற்பவர் நல்லவர். இரண்டாம் கேள்வியிலேயே எரிந்து விழுபவரிடம் வாங்காதீர்கள். பொருள் எவ்வளவு அழகாக இருந்தாலும் சரி.

ஏலம் கேட்கும் முறை

ஈபேயில் நாம் எழுதுவது நம் உச்ச விலை. அதை மற்றவர்களுக்குக் காட்டாமல், அடுத்தவர் கேட்கக் கேட்க நம் சார்பில் கணினியே கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றும். நீங்கள் 500 டாலர் என்று எழுதி, உங்களுக்கு அடுத்தவரின் உச்சம் 400 என்றால் உங்களுக்கு விழுவது 405தான். இதைப் புரிந்துகொண்டால் நாலு நாள் முன்பே கேட்டு விலையை ஏற்றிவிட மாட்டீர்கள். முடிந்த ஏலங்களின் விலையைத் தேடிப் பார்த்து (விற்ற பொருட்களை மட்டும் காட்டும் வசதி இருக்கிறது), உச்ச விலையை ஒரு தாளில் எழுதி, கடைசி நிமிடத்தில் ஒரே ஒரு தடவை அதைப் பதியுங்கள். மேலே போனால் விட்டுவிடுங்கள். யாஹூ ஜப்பானில் கடைசி நிமிடத் தந்திரம் பலிக்காது. முடியும் தறுவாயில் யாராவது கேட்டால் நேரம் தானாக நீளும்படி அங்கே அமைக்க முடியும். அமெரிக்க ஏலங்கள் நமக்கு நள்ளிரவிலும் விடியற்காலையிலும் முடியும். தூக்கக் கலக்கத்தில் பூஜ்யம் ஒன்று கூடிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஈபேயின் இந்தியத் தளம் 2018இல் மூடப்பட்டது. இப்போது நாம் கேட்பது வெளிநாட்டுத் தளத்தில். 2020இல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்த விதிப்படி புதிய அட்டைகள் உள்நாட்டுப் பயன்பாட்டுக்கு மட்டுமே திறந்திருக்கும். வெளிநாட்டுப் பணம் செலுத்தும் வசதியை வங்கிச் செயலியில் நாமே திறந்துவிட வேண்டும். ஏலம் ஜெயித்த பிறகு அட்டை மறுக்கப்பட்டால் விற்பவரின் நம்பிக்கை போய்விடும். டாலரை ரூபாயாக மாற்றும்போது வங்கி எடுக்கும் கூடுதல் சதவீதத்தையும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

வாசலுக்கு வரும் விலை

பெரும்பாலானவர்கள் அடிபடுவது இங்கேதான், அதனால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

கூரியர் நிறுவனங்கள் எடையை மட்டும் பார்ப்பதில்லை. பெட்டியின் நீளம், அகலம், உயரத்தைச் சென்டிமீட்டரில் பெருக்கி 5000ஆல் வகுப்பார்கள். வருவது கன எடை. நிஜ எடை, கன எடை இரண்டில் எது அதிகமோ அதற்குத்தான் கட்டணம். 100க்கு 40க்கு 20 என்ற பெட்டிக்குக் கன எடை 16 கிலோ. உள்ளே இருக்கும் கிடாரும் உறையும் சேர்ந்து 6 கிலோதான் என்றாலும் 16 கிலோவுக்குக் காசு கட்ட வேண்டும். பாதுகாப்பாகக் கட்டச் சொல்ல வேண்டும், அதே நேரம் பெட்டியின் அளவையும் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும். தந்தியைத் தளர்த்தி, தனியாகக் கிடக்கும் இரும்புக் கட்டையை உறைக்குள்ளிருந்து எடுத்துவிடச் சொல்லுங்கள். அது உள்ளே உருண்டால் பேக்கலைட்டை உடைத்துவிடும்.

சுங்கவரி கிடாரின் விலைக்கு மட்டும் இல்லை. பொருள் விலை, அனுப்புக் கூலி, காப்பீடு மூன்றும் சேர்ந்த தொகைக்கு. உதாரணமாக 400 டாலர் கிடார், 150 கூலி, 10 காப்பீடு என்றால் 560 டாலருக்கு வரி போடுவார்கள். அடிப்படைச் சுங்கவரி ஒன்று. அதன்மேல் கூடுதல் வரி. எல்லாம் சேர்ந்த தொகையின் மேல் ஐ.ஜி.எஸ்.டி. விகிதங்கள் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறும், நீங்கள் வாங்கும் மாதத்தின் விகிதத்தைப் பாருங்கள். கூரியர்காரர் ஆதாரோ பான் எண்ணோ கேட்பார், தன் பங்குக் கட்டணமும் எடுப்பார். அஞ்சலில் வந்தால் சென்னையில் வெளிநாட்டு அஞ்சல் சோதனை முடிந்து ஊருக்கு வரும்.

‘பரிசு என்று எழுதி அனுப்புகிறேன்’ என்று சில விற்பவர்கள் நல்லெண்ணத்தில் சொல்வார்கள். வேண்டாம் என்று சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து வரும் பரிசுப் பொருட்களுக்கு இருந்த சலுகை 2019 டிசம்பரில் நீக்கப்பட்டுவிட்டது. உயிர்காக்கும் மருந்துக்கும் ராக்கிக்கும் மட்டும் விலக்கு. பொய் எழுதிய பொதி மாட்டினால் அபராதம் நமக்கு. வழியில் உடைந்தால் காப்பீடும் எழுதிய பொய் விலைக்குத்தான் கிடைக்கும்.

இன்னொன்று பலருக்குத் தெரியாது. பயன்படுத்திய பொருட்களை இறக்குமதி செய்வதற்கு நம் வெளிநாட்டு வர்த்தகக் கொள்கையில் தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. அதனால் ஏலம் கேட்பதற்கு முன்பே கோவையிலோ சென்னையிலோ ஒரு கஸ்டம்ஸ் ஏஜெண்டிடம் மாடல், வயது, விலை எல்லாம் சொல்லிக் கேட்டுவிடுங்கள். மரத்தையும் கேளுங்கள். பழைய கிப்ஸன் போன்றவற்றின் தண்டி பிரேசில் ரோஸ்வுட்டாக இருக்கலாம். அந்த மரம் 1992 முதல் அழியும் உயிரினங்களுக்கான சைட்டிஸ் ஒப்பந்தத்தின் கடுமையான பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சீட்டு இல்லாமல் நாடு விட்டு நாடு போகக் கூடாது. மற்ற ரோஸ்வுட் வகைகளில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு 2019இல் விலக்கு வந்துவிட்டது.

இவ்வளவையும் கேட்டு மலைத்துப்போனால் இன்னொரு வழி இருக்கிறது. நம் பகுதியில் அமெரிக்காவிலோ சிங்கப்பூரிலோ ஓர் உறவினர் இல்லாத வீடு குறைவு. பொருளை அவர் முகவரிக்கு அனுப்பச் சொல்லுங்கள். பிக்கப் வேலை செய்கிறதா என்று அவரே ஒரு கடையில் ஆம்ப்பில் போட்டுப் பார்க்கலாம். சரியில்லை என்றால் அங்கிருந்தே திருப்பி அனுப்பலாம். திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இது நடக்க வேண்டும். ஊருக்கு வரும்போது பெட்டியில் வைத்துக் கொண்டுவரட்டும். லேப் ஸ்டீல் சாதாரணக் கிடாரைவிடக் குட்டை, பெரிய சூட்கேஸில் குறுக்காகப் படுக்கும். பயணிக்கு அனுமதித்த மதிப்புக்கு மேல் போனால் விமான நிலையத்தில் சிவப்பு வழியில் போய்ச் சொல்லி வரி கட்டிவிட வேண்டும். மச்சான், மாமா என்று உரிமையோடு பொருளைத் தலையில் கட்டிவிட்டு இந்த விவரத்தைச் சொல்லாமல் விடுவது நியாயம் இல்லை.

ஆம்ப்பும் சில சில்லறை விஷயங்களும்

பழைய லேப் ஸ்டீலுக்கு மின்சாரம் தேவையில்லை. ஒரு வயரால் எந்தக் கிடார் ஆம்ப்பிலும் சொருகலாம். ஆனால் கிடாரும் அதே பெயர் போட்ட ஆம்ப்பும் ஜோடியாக ஏலத்துக்கு வருவது உண்டு. அமெரிக்க ஆம்ப் 110–120 வோல்ட்டுக்குச் செய்தது, ஜப்பானுடையது 100 வோல்ட். நம் வீட்டில் 230. நேராகச் சொருகினால் அதோடு முடிந்தது. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அதைவிட முக்கியமாக, வால்வு ஆம்ப்புக்குள் இருக்கும் கண்டன்சர்கள் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வால்வு ரேடியோ பழகிய மெக்கானிக் தவிர வேறு யாரும் திறக்கக் கூடாது. என் யோசனை: ஜோடி ஆம்ப்பை விட்டுவிட்டு இங்கேயே ஒரு சிறிய ஆம்ப் வாங்குங்கள். கனமும் கூலியும் மிச்சம்.

வாசிக்கும் இரும்புக் கட்டைக்கு வெளிநாட்டில் தனி விலை கொடுக்க வேண்டாம். கோவையில் எந்த லேத் பட்டறையிலும் துருப்பிடிக்காத எஃகு உருளையை ஒரு முனை உருட்டிக் கடைந்து, கண்ணாடி போல மெருகேற்றித் தருவார்கள். பிக்கப் விஷயம் வேறு. கோவையில் மோட்டார் காயில் கட்டுபவர்கள் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள், அவர்கள் கையும் தேர்ந்த கைதான். ஆனால் பல பிக்கப்புகளின் கம்பி 42 கேஜ், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பதினாறில் ஒரு பங்குக்குப் பக்கம். அந்தக் கம்பியில் கை பழகியவர் என்று தெரிந்தால் மட்டும் கொடுங்கள். பழைய சுருளைத் தூக்கிப் போடாமல் திரும்ப வாங்கி வையுங்கள்.

தந்தி சுருதி எப்படிக் கட்டுவது என்று கேட்பார்கள். ஹவாய்ப் பாட்டுக்குப் பலரும் கட்டுவது சி6: கீழிருந்து சி, ஈ, ஜி, ஏ, சி, ஈ. ராகம் வாசிக்கப்போகிறீர்கள் என்றால் ஸட்ஜமும் பஞ்சமும் மட்டும் மாறி மாறி வரும்படி கட்டிப் பாருங்கள்.

கல்கத்தா வழியும் இருக்கிறது. ஒரு காலத்தில் வங்காளத்து நடுத்தர வீடுகளில் பிள்ளைகளுக்கு ஹவாயன் கிடார் கற்றுக்கொடுப்பது வழக்கமாக இருந்தது. ரவீந்திர சங்கீதத்தை அதில் வாசிப்பார்கள். அந்த வாத்தியங்கள் இன்னும் வீடுகளில் இருக்கின்றன, உள்நாட்டு விற்பனைத் தளங்களில் அவ்வப்போது வருகின்றன. சுங்கம் இல்லை, கன எடைக் கணக்கு இல்லை, ரயில் பார்சலில் ஈரோட்டுக்கே வந்துவிடும். பெரிய அமெரிக்கப் பெயர் இருக்காது. பழகிக் கொள்வதற்கு அதுவே தாராளம்.

பொதி வந்ததும் பிரிப்பதற்கு முன்பே கைபேசியில் வீடியோ எடுக்கத் தொடங்குங்கள். பெட்டியின் ஆறு பக்கமும் தெரிய வேண்டும், உடைந்திருந்தால் காப்பீட்டுக்கு அதுதான் சாட்சி. வந்த அன்றே தந்தியை முறுக்கிச் சுருதி ஏற்றாதீர்கள். ஓரிரு நாள் உறைக்குள்ளேயே நம் காற்றுக்குப் பழகட்டும். கோடையில் ஓட்டு வீட்டு அட்டத்திலும் வெயிலில் நிற்கும் காருக்குள்ளும் வைக்கவே கூடாது. பழைய பசை இளகும், பிளாஸ்டிக் உறை சுருளும்.

முதல் வாத்தியத்துக்கு என் தீர்ப்பு இதுதான்: ஒலிக்கும் வீடியோவும் பின்மூடி திறந்த படமும் உள்ள, பெரிய பெயர் இல்லாத, பிக்கப் அசலான ஒரு மாணவர் மாடல். கஸ்டம்ஸ் ஏஜெண்டிடம் பேசி, வாசல் விலையைத் தாளில் எழுதிய பிறகு மட்டும் ஏலத்தில் கையைத் தூக்குங்கள்.